முகாமுக்குப் போகாதவர்களுக்கு வெள்ள நிவாரணம் இல்லையா?

வாசகி கேட்கிறார்:

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழைக்கு வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியது. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகளையும் வயதான மாமியையும் கூட்டிக்கொண்டு வலையிறவுப் பாலம் தாண்டி டவுனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாமுக்குப் போகவில்லை. திரும்பி வந்தபோது விதானையார் (கிராம உத்தியோகத்தர்) பதிவையெல்லாம் முடித்துவிட்டார். பக்கத்து வளவுக்காரருக்கு வீடு துப்புரவாக்க 25,000 ரூபாய் கிடைத்தது, எங்களுக்கு இல்லை. கேட்டால், "வீடு பூட்டிக் கிடந்தது, முகாமிலும் நீங்கள் இல்லை" என்கிறார். அரசாங்கத்தின் வறுமை நிவாரணமான அஸ்வெசும எடுக்காத ஆட்களுக்கு வராது என்று ஊரில் வேறு சொல்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் இன்னும் கலங்கல், நாற்றம். எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் கீழால் ஓடுகிற போக்கும் (சின்ன மதகு) உடைந்துவிட்டது, பிள்ளைகள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். பிரதேச சபைக்குப் போனால் செயலகத்துக்குப் போகச் சொல்கிறார்கள். செயலகத்துக்குப் போனால் சபைக்குப் போகச் சொல்கிறார்கள். வெள்ளத்தில் மாமியின் அடையாள அட்டையும் போய்விட்டது. குத்தகைக்குச் செய்த இரண்டு ஏக்கர் வெள்ளாமையும் அழுகிப் போனது. "அந்தக் காசுக்காக அலையாதே, விடு" என்று கணவர் சொல்கிறார். விடட்டுமா?

பதில் தருபவர், பிரதேச செயலகங்களில் நிர்வாக உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவர்:

மகள், விட வேண்டாம்.

25,000 ரூபாய்க்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு கிராம உத்தியோகத்தர் எடுக்கிற முதல் பதிவுதான் பிறகு வருகிற எல்லாவற்றுக்கும் அடிப்படை. டித்வாவுக்குப் பிறகு அரசாங்கம் துப்புரவுக்கு 25,000 ரூபாய் அறிவித்தது, வீட்டுச் சாமான்களுக்கு 50,000 ரூபாய் அறிவித்தது, பகுதியளவில் சேதமான வீடுகளுக்கு மதிப்பீட்டின்படி 25 இலட்சம் வரை என்றது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவம், தனித்தனி விசாரணை இருக்கலாம். ஆனால் "இந்தக் குடும்பம் பாதிக்கப்பட்டது" என்ற முதல் வரி பதிவேட்டில் இல்லையென்றால் அடுத்த படிவத்தை நீட்டும்போதும் அதே பதில்தான் வரும். அடுத்த மாரியிலும் வெள்ளம் வந்தால், "போன முறை உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லையே" என்று சொல்லவும் இடமிருக்கிறது. கணவரிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் அலைவது காசுக்காக மட்டும் இல்லை, உங்கள் வீடு வெள்ளத்தில் மூழ்கியது என்ற உண்மை அரசாங்கப் பதிவேட்டில் ஏறுவதற்காகவும்தான்.

இப்போது உங்களை இரண்டு பக்கமும் இழுத்தடித்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே பெயர். ஒன்று மண்முனை மேற்குப் பிரதேச செயலகம், மற்றது மண்முனை மேற்குப் பிரதேச சபை. இரண்டும் வவுணதீவில்தான். படித்தவர்களே மாறிப் போய் நிற்கிறார்கள், உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செயலகம் மத்திய அரசாங்கத்தின் கை. கிராம உத்தியோகத்தர், சமுர்த்தி உத்தியோகத்தர், காணி உத்தியோகத்தர் எல்லோரும் அங்கேதான். அவர்களுக்கு மேலே கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம், அங்கே அரசாங்க அதிபர் என்கிற மாவட்டச் செயலாளர். சபை என்பது நாம் வாக்குப்போட்டுத் தெரிவு செய்த உறுப்பினர்களின் இடம். தவிசாளர், செயலாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர் அங்கே இருக்கிறார்கள். அது மாகாண உள்ளூராட்சித் திணைக்களத்தின் கண்காணிப்பில் நடக்கிறது. ஒரு அலுவலகம் மற்றதற்கு உத்தரவு போட முடியாது.

ஆகவே பெயர்ப் பதிவு, கொடுப்பனவு, உலர் உணவு, வீட்டுச் சேதம், காணிப் பத்திரம் இதெல்லாம் செயலகத்தில். உங்கள் ஒழுங்கை, போக்கு, வடிகான், குப்பை, பவுசர் தண்ணீர், மலசலக் குழி நிரம்பியது இதெல்லாம் சபையில். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமே பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், வீதிகள் ஆகியவற்றைச் சபையின் தலையில்தான் வைத்திருக்கிறது. கிணறு நடுவில் நிற்கிற விஷயம், அதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் போனபோது இரண்டு இடத்திலும் எல்லாப் பிரச்சினைகளையும் ஒன்றாகச் சொல்லியிருப்பீர்கள். கேட்ட உத்தியோகத்தர் தன்னுடையது அல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "அது அங்கே" என்று அனுப்பியிருப்பார். அலுவலகங்களில் நடக்கிற காரியம்தான், ஆனாலும் சரியில்லை. வருகிறவர் சேறு மிதித்து வந்திருக்கிறார் என்று தெரிந்தால், எது எங்கள் வேலை, எது அவர்களுடையது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். இனிமேல் ஒரு அலுவலகத்துக்கு ஒரு கடிதம், ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சரி, முதலில் பெயர் விடுபட்டது.

முகாமில் இருந்தால்தான் பாதிக்கப்பட்டவர் என்று எந்த விதியும் இல்லை. மாவட்டத்திலிருந்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குப் போகிற நிலவர அறிக்கைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதிக்கப்பட்ட குடும்பங்களின் தொகை எப்போதும் முகாம்களில் இருப்போரின் தொகையைவிட எத்தனையோ மடங்கு பெரிது. உறவினர், நண்பர் வீடுகளில் தங்கியிருப்போரையும் எங்கள் மாவட்டத்தில் கணக்கெடுப்பது வழமை. படுவான்கரையில் தண்ணீர் ஏறினால் சனம் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது நேற்றுத் தொடங்கிய பழக்கம் இல்லை. 1957 வெள்ளத்திலும், 1978 சூறாவளியிலும், 2011 ஜனவரி வெள்ளத்திலும் அப்படித்தான் சனம் தப்பியது. என்னைக் கேட்டால், வயதான மாமியை வகுப்பறைத் தரையில் படுக்கவைக்காமல் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தது நல்ல முடிவு. அதனால் முகாமில் நான்கு பேருக்குச் சமைக்கிற செலவும் அரசாங்கத்துக்கு மிச்சம். அதற்காக உங்களைப் பட்டியலிலிருந்து விடுவது நியாயமே இல்லை.

அஸ்வெசும கதையையும் இந்த இடத்திலேயே முடித்துவிடுகிறேன். அஸ்வெசும வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கிறது. வெள்ளக் கொடுப்பனவு, வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா இல்லையா என்பதைப் பார்த்துக் கொடுக்கிறது. கணவர் வெளிநாட்டில் உழைப்பதும் இதற்குத் தடையில்லை. யாராவது வாய்மொழியாக அப்படிச் சொன்னால், "எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது, இலக்கத்தைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்று மரியாதையாகக் கேளுங்கள். அநேகமாக அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கிராம உத்தியோகத்தரின் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாதை மூழ்கிக் கிடக்க, தோணியிலும் உழவு இயந்திரத்திலும் போய் நூற்றுக்கணக்கான வீடுகளைச் சில நாட்களுக்குள் பதிய வேண்டியவர் அவர். அவருடைய வீடே மூழ்கியிருக்கவும் கூடும். பூட்டிய வீட்டைத் தாண்டிப் போனதற்கு அது காரணம். ஆனால் இப்போது நீங்கள் வந்து சொன்ன பிறகும் திருத்தாமல் இருக்க அது காரணமாகாது. அவரோடு சண்டை பிடிக்காதீர்கள், நாளைக்கும் அவரிடம்தான் கையெழுத்துக்குப் போக வேண்டும். மேன்முறையீட்டை பிரதேச செயலாளருக்கு எழுதி, அதன் பிரதி ஒன்றை அவருக்கும் கொடுங்கள்.

கடிதம் நீளமாக வேண்டாம். கஷ்டங்களை எல்லாம் கொட்ட வேண்டியதில்லை, விவரம்தான் வேண்டும். இப்படி எழுதினால் போதும்:

"நான் மேற்படி கிராம உத்தியோகத்தர் பிரிவில், இந்த இலக்க வீட்டில், குடும்பத்தினர் நால்வருடன் நிரந்தரமாக வசிக்கிறேன். 2025 நவம்பர் இந்தத் திகதி எமது வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. தரையிலிருந்து இத்தனை அடி உயரத்தில் சுவரில் அதன் அடையாளம் உள்ளது. இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை இந்த முகவரியிலுள்ள எனது சகோதரியின் வீட்டில் தங்கியிருந்தோம். பதிவு நடைபெற்ற வேளையில் நாம் வீட்டில் இல்லாததால் எமது குடும்பம் சேர்க்கப்படவில்லை. வீட்டை நேரில் பார்வையிட்டு எமது பெயரைச் சேர்த்து, உரிய கொடுப்பனவுகளை வழங்குமாறும், எடுக்கும் தீர்மானத்தை எழுத்தில் அறியத்தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

குடும்பத்தினர் நால்வர் என்று எழுதும்போது, உங்களோடு சேர்த்தா சேர்க்காமலா என்று குழப்பம் வராமல் கீழே எல்லோருடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கிற கணவரின் பெயரையும் போட்டு, "தற்போது வெளிநாட்டில்" என்று பக்கத்தில் குறியுங்கள். மறைத்தார்கள் என்ற பேச்சு பிறகு வரக்கூடாது. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதியையும் சேர்த்து வையுங்கள்.

சாட்சியமாக எதை இணைப்பது? சுவரில் தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு இன்னும் இருக்கும். அதை அழிக்காதீர்கள், வெள்ளை அடிக்காதீர்கள். அளவு நாடாவைத் தரையிலிருந்து கோடுவரை பிடித்து, எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். அதே அறை முழுவதும் தெரிகிற மாதிரி இன்னொரு படம், வீட்டு வாசலும் இலக்கமும் தெரிகிற மாதிரி வெளியே நின்று ஒரு படம். குசினிக் கதவின் அடிப்பலகை ஊதியிருந்தால், அலுமாரியின் கீழ்த்தட்டு உரிந்திருந்தால் அதையும் எடுங்கள். அந்த நாட்களில் அக்காவுக்கோ கணவருக்கோ தொலைபேசியில் அனுப்பிய படங்கள், குரல் பதிவுகள் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள், அவற்றில் திகதி இருக்கிறது. ஏற்கனவே கொடுப்பனவு கிடைத்த பக்கத்து வளவுக்காரர்கள் இருவர் "இவர்கள் வீட்டுக்கும் தண்ணீர் வந்தது" என்று பெயர், முகவரி, கையெழுத்தோடு இரண்டு வரி எழுதித் தந்தால் அது பெரிய பலம். அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் வந்து நடுவில் இருக்கிற உங்கள் வீட்டுக்கு வராமல் போகாதே. முடிந்தால் அக்கா வீடு இருக்கிற பிரிவின் கிராம உத்தியோகத்தரிடமும், அந்த நாட்களில் அங்கே தங்கியிருந்தீர்கள் என்று ஒரு கடிதம் கேட்டுப் பாருங்கள். அங்கே உங்கள் பெயரில் உலர் உணவு ஏதும் வாங்கியிருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு குடும்பம் இரண்டு இடத்தில் பதிந்ததாகத் தெரிந்தால் உண்மையான கோரிக்கையும் சேர்ந்து கெட்டுப்போகும்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். மேசை மேசையாகக் கொண்டு திரிய வேண்டாம். நேரே தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல்லாகப் போன விஷயத்தை யாரும் தேட முடியாது. உள்வரும் கடிதப் பதிவேட்டில் ஏறிய கடிதத்துக்கு ஒரு உத்தியோகத்தர் பொறுப்பாகிவிடுகிறார், அதற்கு என்ன செய்தார் என்று அவர் காட்ட வேண்டும். முத்திரை குத்த மறுத்தால் கோபப்படாமல் வெளியே வந்து, அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்திருங்கள். பிரதிகளை மாவட்டச் செயலாளருக்கும், கச்சேரியில் இருக்கிற மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் அனுப்புங்கள். கடிதத்தின் அடியில் "பிரதிகள்" என்று அவர்களின் பதவிகளைக் குறித்திருந்தால் போதும், கையில் இருக்கிற கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும்.

பதிலே வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எங்கள் சனம் இதைப் பத்திரிகைக்காரருக்கும் சட்டத்தரணிகளுக்கும் உரியது என்று நினைக்கிறது. அப்படியில்லை, எந்தப் பிரசையும் பாவிக்கலாம். ஒவ்வொரு செயலகத்திலும் சபையிலும் ஒரு தகவல் அதிகாரி இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. தமிழில் எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். கேள்வியைச் சரியாகப் போடுவதில்தான் விஷயம் இருக்கிறது. "எனக்கு ஏன் தரவில்லை" என்று கேட்டால் சமாளிப்பான ஒரு பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள். எங்கள் பிரிவில் துப்புரவுக் கொடுப்பனவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை, பதிவு எந்தத் திகதிகளில் நடந்தது, எந்தச் சுற்றறிக்கையின்படி தெரிவு நடந்தது, இந்தத் திகதியில் நான் கொடுத்த மேன்முறையீட்டின்மீது எடுத்த நடவடிக்கை என்ன, இவற்றின் பிரதிகள் வேண்டும் என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை உங்களுக்கு அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே அலுவலகத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அதோடு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பு டவுனிலேயே இருக்கிறது. ஒரே மாதிரிப் பாதிக்கப்பட்ட இரண்டு வீடுகளில் ஒன்றுக்குக் கொடுத்து மற்றதைக் காரணமில்லாமல் விடுவது அவர்களிடம் முறையிடக்கூடிய விஷயம். ஆனால் மேன்முறையீட்டோடேயே உங்கள் விஷயம் முடிந்துவிடும் என்றுதான் நம்புகிறேன்.

சுவர் வெடித்திருந்தால், அத்திவாரம் அரித்திருந்தால் அது துப்புரவுப் பணத்துக்குள் அடங்காது. செயலகத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து மதிப்பிட வேண்டும் என்று அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். அவர் வரும்வரை திருத்தாமல் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், பிள்ளைகள் படுக்க வேண்டுமே. திருத்துவதற்கு முன் படம் எடுங்கள், சீமெந்துக் கடை பில்லையும் மேசனுக்குக் கொடுத்த கூலியின் துண்டையும் வைத்திருங்கள்.

இனிக் கிணறு. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். இரண்டு மாதமாக நாறுகிற தண்ணீரை எதற்கெல்லாம் பாவிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. குடிப்பதற்கும் பல் துலக்குவதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் இந்த நிமிடத்திலிருந்து அதை நிறுத்திவிடுங்கள்.

படுவான்கரையில் கிணற்றுக்கும் மலசலக் குழிக்கும் இடையில் பல வளவுகளில் போதிய தூரம் இல்லை. வெள்ளம் வந்தால் வயல் தண்ணீர், மாட்டுப் பட்டித் தண்ணீர், குழித் தண்ணீர் எல்லாம் ஒன்றாகிக் கிணற்றுக்குள் இறங்குகிறது. ஊரில் செய்கிற வழமையான காரியம், மோட்டரைப் போட்டு ஒரேயடியாக இறைத்துவிடுவது. மாரி முடியாமல், வளவில் கால் புதைகிற அளவுக்கு ஈரம் இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். வெளியே நிலத்து நீர்மட்டம் உயர்ந்திருக்க, உள்ளே வெறுமையாக்கினால், வெளித் தண்ணீர் தள்ளுகிற தள்ளில் கொங்கிறீட் வளையம் விலகும், கல்லுக்கட்டு இடிந்து விழும். இறைத்தாலும் அதே அழுக்குத் தண்ணீர்தான் திரும்ப ஊறும். நிலத்தண்ணீர் கொஞ்சம் இறங்கிய பிறகு இறைத்து, அடியில் இருக்கிற சேற்றை அள்ளி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, திரும்ப ஊறவிட்டுப் பிறகுதான் குளோரின். எவ்வளவு தூள் போடுவது என்பது கிணற்றின் அகலத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் பொறுத்தது. கடையில் பிளீச்சிங் பவுடர் வாங்கிக் கைக்கணக்கில் கொட்ட வேண்டாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கணக்குப் பார்த்துப் போடுவார். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவர், செயலகத்தவரும் இல்லை, சபையவரும் இல்லை. நீங்கள் போகாத மூன்றாவது கதவு இதுதான்.

இறைக்கிற மோட்டரும் ஆட்களும் வேண்டுமென்றால் சபையிடம் கேளுங்கள். தனி ஒரு வீடாகப் போவதைவிட, உங்கள் ஒழுங்கையில் கிணறு கெட்ட எல்லா வீடுகளும் ஒரே தாளில் பெயர் எழுதிக் கையெழுத்து வைத்துத் தவிசாளருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் கொடுங்கள். ஒரே நாளில் ஒரு ஒழுங்கையை முடிப்பது அவர்களுக்கும் இலகு. பக்கத்துக் கிணறு அழுக்காகக் கிடக்க உங்களுடையதை மட்டும் சுத்தமாக்குவதில் உங்களுக்கும் பெரிய பலன் இல்லை. அதே தாளிலேயே, கிணறு சரியாகும்வரை பவுசர் தண்ணீர் வேண்டும் என்று கேளுங்கள். ஒழுங்கைத் தொங்கலில் தண்ணீர்த் தாங்கி ஒன்றை வைத்து நிரப்பச் சொல்லிக் கேட்கலாம். மலசலக் குழி நிரம்பியிருந்தால் கழிவகற்றும் பவுசருக்கும் சபையைத்தான் கேட்க வேண்டும். வழமையாக அதற்குக் கட்டணம் உண்டு, வெள்ளத்தால் நிரம்பியது என்று சலுகை கேட்டு எழுதுங்கள். குளோரின் கிருமியைக் கொல்லுமே தவிர, வயலுக்கு அடித்த மருந்தையோ மண்ணெண்ணெயையோ எடுக்காது. அப்படி வாசம் அடித்தால் பரிசோதகரிடம் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நீங்களோ வீட்டில் வேறு யாருமோ சேற்று வயலுக்குள் இறங்குகிறீர்கள் என்றால் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றியும் அதே பரிசோதகரிடம் கேளுங்கள். வயலுக்குப் போய்வந்த பிறகு காய்ச்சலும் உடல்நோவும் வந்தால் பனடோலோடு படுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டொக்டரிடம் வயலுக்குள் இறங்கியதையும் சொல்லுங்கள்.

உடைந்த போக்குக்கு வருவோம். முதலில் அந்தப் பாதை யாருடையது என்று தெரிய வேண்டும். பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, அடுத்த தரத்து வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, உள்ளூர் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. குளக்கட்டிலோ வாய்க்கால் கட்டிலோ போகிற பாதை என்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமநலத் திணைக்களத்துக்கோ உரியதாக இருக்கலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சபையின் ஒழுங்கை போலத்தான் தெரிகிறது. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் ஒழுங்கையின் பெயரைச் சொன்னால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அவர்களுடையது அல்ல என்றால் யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள்.

2025 மே 6 ஆம் திகதி நடந்த தேர்தலில் உங்கள் வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர் தெரிவாகியிருக்கிறார். அதற்கு முன் இரண்டு வருடத்துக்கு மேலாகச் சபைகளில் உறுப்பினர்களே இல்லை, செயலாளர்கள்தான் நடத்தினார்கள். இப்போது கேட்க ஆள் இருக்கிறார். அவருக்கு வாக்குப்போட்டீர்களோ இல்லையோ, வட்டாரத்துக்கு அவர்தான் பொறுப்பு. உடைந்த போக்கு வழியே பிள்ளைகள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகிற நேரத்துக்கு அவரை நேரில் வரச் சொல்லுங்கள். சபையின் மாதாந்தக் கூட்டம் பொதுமக்கள் இருந்து பார்க்கக்கூடியது. உங்கள் ஒழுங்கையிலிருந்து நான்கைந்து பேர் போய் இருந்தாலே, பேசாவிட்டாலும், அந்த விஷயம் தள்ளிப்போகாது. நிரந்தரமாகக் கட்ட நிதி ஒதுக்க வேண்டும், அதற்கு நாள் எடுக்கும். அதுவரைக்கும் குழாய் போட்டுக் கிறவல் கொட்டித் தற்காலிகமாகப் பாதை திறக்கச் சபையால் முடியும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் பெரியதைக் காட்டிச் சின்னதையும் தள்ளிவிடுவார்கள்.

அந்தப் போக்கு ஏன் உடைந்தது என்றும் பாருங்கள். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தால் தண்ணீர் வாவிக்கு ஓடியாக வேண்டும். ஓடுகிற வழியில் யாராவது வயலையோ பள்ளத்தையோ கிறவல் போட்டு நிரப்பியிருந்தால், மிச்சத் தண்ணீரெல்லாம் உங்கள் போக்குக்குள்தான் முட்டும். புதுப் போக்குக் கட்டினாலும் அடுத்த மாரியில் அதுவும் போகும். நெற்காணியைக் கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நிரப்புவது 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி குற்றம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் கமநல சேவை நிலையத்துக்கு எழுதுங்கள். ஊருக்குள் பகை வரும் என்று பயந்தால் ஒழுங்கைக்காரர் எல்லோரும் சேர்ந்து எழுதுங்கள். வாவி கடலில் சேருகிற முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று ஒவ்வொரு வருடமும் பெரிதாகப் பேசுகிறோம். வீட்டுக்குப் பின்னால் அடைபட்ட வாய்க்காலைப் பற்றிப் பேச ஆள் இல்லாமல் இருப்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

வெள்ளாமைக்கு வேறு வழி. அழிந்த பயிருக்கு விதானையார் பதியமாட்டார், கமநல சேவை நிலையத்துக்குப் போக வேண்டும். நெல்லுக்கு இலவசப் பயிர்க்காப்புறுதி இருக்கிறது. ஆனால் அந்தப் போகத்தில் அந்தக் காணியை யார் செய்ததாகப் பதிவில் இருக்கிறதோ அவருக்குத்தான் கேட்க முடியும். குத்தகைக் காணி என்றபடியால் காணிச் சொந்தக்காரரான போடியாரின் பெயரில் பதிந்திருக்கவும் கூடும். முதலில் உங்கள் வயல் பகுதிக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் கேட்டு யார் பெயர் என்று பாருங்கள். போடியாரின் பெயர் என்றால், விதைத்ததும் செலவழித்ததும் நீங்கள் என்று அவரும் வட்டவிதானையும் கையெழுத்திட்ட கடிதத்தோடு நிலையத்துக்குப் போய்ப் பேசுங்கள். அடுத்த போகத்துக்கு முன் குத்தகையை எழுத்தில் போட்டு உங்கள் பெயரிலேயே பதியுங்கள்.

மாமியின் அடையாள அட்டையைப் பிறகு பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். பொலிசில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை எடுத்து, விதானையாரிடம் விண்ணப்பத்தை நிரப்பி, செயலகத்தில் அடையாள அட்டைப் பிரிவில் கொடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழும் நனைந்து போயிருந்தால் அதன் பிரதிக்கும் அதே செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். மேன்முறையீட்டைக் கொடுக்கப் போகிற அன்றைக்கே இதையும் கொண்டுபோங்கள். நடக்க ஏலாதவர் என்றால் மாமியை அலைக்கழிக்க வேண்டாம். படமும் கைவிரல் அடையாளமும் பற்றி முன்கூட்டியே போன் எடுத்துக் கேட்டு, அவர் கட்டாயம் வர வேண்டிய நாளுக்கு மட்டும் ஆட்டோ பிடியுங்கள். அட்டை வரும்வரை பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை அவருடைய கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள், ஆஸ்பத்திரியில் கேட்டால் காட்டலாம்.